அப்பாவின் கத்திக்குக் கைப்பிடி

என் மாமா ஒரு நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் தம்பி. கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராகக் கார் கதவுகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஆதம்பாக்கத்தில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்துக் கத்தி செய்ய ஆரம்பித்தார். கடையில் தொங்குகிற கத்தி இல்லை. கேட்பவரின் கைக்கு அளவெடுத்து, அவர் கேட்ட மரத்தில் பிடி போட்டு, ஒருவருக்கு ஒன்று என்று செய்து தருகிற கத்தி. ஓட்டல் சமையல்காரர்களும், கத்தி சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த சில வசதியானவர்களும் இன்டர்நெட் வழியாக அவரைத் தேடி வந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது பிடிபடவில்லை. "இன்ஜினியரிங் படிச்சிட்டு சாணை பிடிக்கிறானாமே" என்று பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

அவர் எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்தால் வீடே நிலைகொள்ளாது. ஃபேன் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். அம்மா நறுக்கிக்கொண்டிருக்கும் காயைப் பிடுங்கி இரண்டு நறுக்கு நறுக்கிவிட்டு, கத்தி மொக்கை என்று திட்டுவார். சோபா நுனியில் உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அவர் வரும்போதெல்லாம் டீபாய் மேலிருக்கும் கண்ணாடி டம்ளர்களை முதலில் எடுத்து உள்ளே வைப்பாள்.

அந்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முப்பாட்டன் ஆரம்பித்து வைத்தானோ, வீட்டில் நல்ல காரியம் என்றால் அன்றைக்கு வருகிற பெரிய மீனை அந்த வீட்டுத் தலைவர்தான் வெட்ட வேண்டும். மீன் விற்பவரிடம் வெட்டி வாங்கக் கூடாது. பெண்ணுக்கு நிச்சயம் என்றால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கொஞ்சம் முன்னாலேயே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். முதல் துண்டு சம்பந்திக்கு. ஞாயிறு பூசைக்கே டிமிக்கி கொடுக்கிற ஒன்றுவிட்ட பெரியப்பாக்கள்கூட இந்த வழக்கத்தை மட்டும் விட்டதில்லை. தாத்தா போன பிறகு அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மீனையும் கணக்கு மாதிரியேதான் வெட்டுவார், ஒரு துண்டு தடித்து ஒரு துண்டு மெலிந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஈஸ்டர் அன்று கொடுவா வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து கத்தி நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து, பழைய மரப்பிடி இரண்டாகப் பிளந்துவிட்டது. மீன் வழுவழுப்பு என்றாள் அம்மா. அப்பா அரிவாள்மனையில் மீதியை முடித்தார்.

அப்பாவுக்கு வலது கை லேசாக நடுங்கும். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரணமும் தெரியும்: காப்பி. அதை அம்மா கண்டுபிடித்திருந்தாள். இத்தனை காப்பி குடித்தால் யானைக்குக்கூட நடுங்கும் என்று காலையில் ஒரே ஒரு டம்ளர், அதுவும் பாதி, என்று குறைத்துவிட்டாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்பட்டார். டம்ளர் காலியான பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுக்கம் குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்த் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பெரிய படகுகள் கடலுக்குப் போன பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நிச்சயம் முடிவானது. வஞ்சிரம் கிடைக்க வேண்டுமே! புதுக் கத்திக்கு மாமா பொறுப்பேற்றுக்கொண்டார். என் மச்சானுக்கு நான் செய்கிற கத்தியைப் பார்த்துச் சம்பந்தி வீட்டில் வாயைப் பிளக்க வேண்டும் என்று சூளுரைத்துவிட்டு, நேராக என் அலமாரிக்குப் போய் என் களிமண் டப்பாவை எடுத்தார்.

அது என் பிறந்தநாளுக்கு வந்த கலர் களிமண். ஒவ்வொரு கலரையும் மற்றதோடு ஒட்டவிடாமல் பாதுகாத்து வைத்திருந்தேன். மாமா எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஒரே சாணி நிறமாக்கி, பிடி இல்லாத கத்தியின் வால் பக்கத்தில் அப்பினார். மரத்தை வைத்துக்கொண்டு அளவு பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. களிமண்ணை ஒரு தரம் இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். விரல்கள் எங்கே எவ்வளவு ஆழம் பதிகிறதோ அதுதான் அந்த ஆளின் அளவு. நான் அழுத அழுகைக்கு வேறு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். இன்றுவரை வாங்கித் தரவில்லை.

அப்பா பிடித்தார். கையை எடுத்ததும் மாமா முகம் சுளித்தார்.

"அசைக்காதீங்க மச்சான். எல்லாம் கலைஞ்சு போச்சு பாருங்க."

"நான் எங்கடா அசைச்சேன்?"

சரி, இவருக்குக் கை கொஞ்சம் பெரிசு போல என்று மாமா அதே அச்சை வைத்துப் பிடி செய்துகொண்டு வந்தார். பழைய ஜீன்ஸ் துணியை அடுக்கடுக்காகப் பசையில் ஊறவைத்து, அழுத்திக் காயவைத்த பலகை அது. நீலத்தில் அலை அலையாகக் கோடு ஓடும். தண்ணீர் பட்டாலும் வழுக்காது, எடையே இருக்காது. கத்தி கையில் இருப்பதே தெரியக் கூடாது என்பது அப்போது மாமாவின் கொள்கை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தடிமன்! அப்பாவின் விரல்கள் அதைச் சுற்றிப் பாதிதான் போயின.

"இதுல மீன் வெட்டணுமா, கிரிக்கெட் ஆடணுமா?" என்று கேட்டுவிட்டு அத்தை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. பிடியைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். மறுபடியும் அந்தச் சாணி நிறக் களிமண்ணை எடுத்துவரச் சொன்னார்.

இந்தத் தடவை அப்பாவின் மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொன்னார். அச்சு சுத்தமாக விழுந்தது. மணிக்கட்டை விட்டுவிட்டு இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். கலைந்தது.

"காப்பி குடிச்சீங்களா மச்சான்?"

"நேத்துலேர்ந்தே குடிக்கலடா."

மாமா ஷெட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா சொன்னது காதில் விழவில்லை. ஹெல்மெட்டைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பாவும் மாமாவும் பைக்கில் ராயப்பேட்டைக்குக் கிளம்பினார்கள். பிடிக்கு நல்ல கட்டையாகப் பார்த்து வாங்கப் போவதாகச் சொன்னார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு, ஒருநாளும் இல்லாதபடி, இரண்டு பேருமே ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் வந்தார்கள். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தும் மேலே வராமல் கீழேயே நின்றார்கள். மாமா பைக் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்தபோது கட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு கிரீம் பன் மட்டும் வந்தது. ஒரு நாள் முழுக்கச் சுற்றி ஒரு கட்டை கிடைக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். நல்லதாக அமையவில்லை என்றார் அப்பா. ராயப்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது தெரியும், மரக்கடை எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பன் தின்றதில் மறந்துபோனது.

அதற்குப் பிறகு மாமாவுக்குக் கிறுக்கு முற்றியது. இலேசாக இருக்க வேண்டும் என்று கூவிக்கொண்டிருந்தவர் ஒரேயடியாக மாறி, கனம், கனம் என்று அலைந்தார். தினம் ஒரு பிடி. ஈட்டி மரம் வந்தது. எருமைக் கொம்பு வந்தது, ஈரம் பட்டதும் ஒரு வாடை அடித்து அம்மா அதை வெளியே தூக்கிப் போட, மாமா பொறுக்கிக்கொண்டு போனார். புளிய மரம் வந்தது. ஒவ்வொன்றையும் அப்பா கையில் கொடுத்து சுரைக்காயை வெட்டச் சொல்வார். வஞ்சிரம் பருமனுக்குச் சந்தையில் வேறென்ன கிடைக்கும்? நாங்கள் சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய் சாம்பார், சுரைக்காய் அடை என்று தின்று தீர்த்தோம். பிடி எடை கூடக்கூட வெட்டு நேராக விழுந்தது. அதை மாமா ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து பார்ப்பார். போதாது என்று தலையை ஆட்டிவிட்டு ஆதம்பாக்கத்துக்கு ஓடுவார்.

"கல்லுலயே ஒண்ணு அடிச்சுக் குடுத்துடு. தொல்லை விட்டுச்சு," என்றாள் அத்தை.

கேலி செய்தாளே தவிர, அவளுக்கும் உள்ளூரப் பதற்றம்தான். ஏற்கெனவே ஒரு இடம் பேச்சோடு நின்று போயிருந்தது. தாத்தா கடைசி வருஷங்களில் படுக்கையில் கிடந்ததைக் கேள்விப்பட்டு, இந்தக் குடும்பத்தில் ஏதோ வியாதி ஓடுகிறது என்று அவர்கள் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து யார் வந்து எதைப் பார்த்துவிட்டுப் போவார்களோ என்று வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அத்தைக்கு இந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுவாள்.

ஒருநாள் அப்பா பொறுமை இழந்து சுரைக்காயோடு வெட்டுகிற கட்டையையும் தள்ளிவிட்டார். இந்த வழக்கமெல்லாம் யார் கேட்டது, மீன்காரம்மாவே வெட்டட்டும் என்று கத்தினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அத்தையின் முகம் சுண்டிப்போனது. அவர்கள் வந்து உட்கார்ந்து, அண்ணன் ஏன் வெட்டவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மாமா பின்னாலேயே போனார். உருண்டு போன சுரைக்காயை எடுக்கப் போன எனக்கு அப்பா சொன்னது கேட்டது.

"அன்னிக்கி ஒரு நாள் என் கை நின்னா போதும்டா மாப்ள. அப்புறம் எப்படியோ போவட்டும்."

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு வியப்பும் இல்லை. காப்பியை விட்டால் கை நிற்கப்போகிறது, இதற்கு எதற்கு இவ்வளவு கலாட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வந்தது கருங்காலிப் பிடி. உள்ளே குடைந்து பித்தளையை இறக்கியிருந்தார் மாமா. கன்னங்கரேலென்று, நுனி கொஞ்சம் வளைந்து, உள்ளங்கைக்குள் அடைபடுகிற மாதிரி இருந்தது. என்னால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. அப்பா அதைப் பிடித்து வெட்டிய சுரைக்காயைப் பார்த்து மாமா முதல் தடவையாக விரலை வைத்து அளக்கவில்லை. சோபாவில் போய் விழுந்தார். எங்கள் டீபாய் கண்ணாடி அவர் கால் பட்டு உடைந்தது அன்றைக்குத்தான்.

நிச்சய நாள் காலையில் கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டோம். மாப்பிள்ளையின் அப்பா வந்தார், அவருடைய அண்ணன் வந்தார், இன்னும் சில ஆண்கள். அந்த அண்ணன்தான் எனக்குப் பயமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து என் செருப்பு வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்தார். பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா வஞ்சிரத்தைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கினாள். நல்ல நீளம். அப்பா கட்டைக்கு முன்னால் உட்கார்ந்து மீனைத் தூக்கி வைக்கும்போது அது கையிலிருந்து வழுக்கியது.

"இன்னா நைனா, காலங்காத்தால கை இப்டி உதறிக்கினு கீது? இப்டி குடு, நான் போட்டுட்றேன்," என்றாள் மீன்காரம்மா.

நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடி கீழே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து என் மாமா அடித்த கூத்து இருக்கிறதே! ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியைப் படாரென்று திறந்து, வேண்டாமென்று தள்ளிய பிடிகளையெல்லாம் எடுத்து வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஈட்டி, அவருடைய அண்ணனுக்கு எருமைக் கொம்பு, பக்கத்திலிருந்தவருக்கு ஜீன்ஸ் துணி.

"கண்ண மூடிக்குங்க சார். கண்ண மூடினாத்தான் தெரியும். எது உங்க கைக்கு ஒட்டுதுன்னு சொல்லுங்க, அதுலயே ஒரு கத்தி போட்டுத் தரேன்."

கூச்சத்தில் நான் அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நிச்சயத்துக்கு வந்தவர்களிடம் வியாபாரம்! அதுவும் அப்பா மீன் வெட்டுகிற நேரத்தில்! ஆனால் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் கொம்புதான் என்றார். மாப்பிள்ளையின் அப்பா, கொம்பு வெயிலில் வெடிக்கும், ஈட்டிக்கு ஈடில்லை என்றார். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிட்டது. அவர்களுடைய அப்பா காலத்து வீட்டு அலமாரிக் கதவு எந்த மரம் என்பது வரைக்கும் போனது. மாமா ஒரு பிடியைப் பிடுங்கி இன்னொன்றைத் திணித்து, ஒருவர் பேச்சு ஓய்ந்தால் இன்னொருவரைக் கிளப்பிவிட்டு, ஓடி ஓடி வியர்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. இந்தச் சந்தடியில் அப்பா கருங்காலிப் பிடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மீனை வெட்டி முடித்தார்.

மீன்காரம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பக்கெட் தண்ணீரை எடுத்து அப்பாவின் கையில் ஊற்றினாள்.

துண்டுகள் அப்பா வெட்டுகிற மாதிரி இல்லை. ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, ஒன்று கோணலாக. அத்தை மெலிந்ததையெல்லாம் குழம்பில் போட்டு மறைத்தாள், நேராக இருந்ததை மட்டும் வறுத்தாள். முதல் துண்டு சம்பந்திக்குப் போனது. மீன் பிரமாதம் என்றார்கள். பெண்ணைவிட மீனைத்தான் அதிகம் பாராட்டினார்கள் என்று அத்தை பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மோதிரம் மாற்றி, ஜெபம் சொல்லி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் போகும்போது கொம்புப் பிடியில் ஒரு கத்திக்குச் சொல்லிவிட்டே போனார்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா மாமாவின் தோளில் கையை வைத்தார். மாமா அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஆர்டர் கிடைத்த சந்தோஷம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாமா வந்தார். செய்தித்தாளில் சுற்றிய எதையோ அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிரித்தால் ஒரு ஸ்பூன். அதே கருங்காலி, அதே பித்தளை, அதே கனம். என்ன பளபளப்பு! எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"சோத்துக்கு எதுக்குடா ஸ்பூன்? அவரு கையாலதானே சாப்பிடுவாரு?" என்று அம்மா கேட்டாள்.

மாமா வழக்கமாக அங்கும் இங்கும் அலைகிறவர், அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார். அப்பா ஸ்பூனைத் தொடாமல் சோற்றைக் கையால் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு தட்டிலும் சட்டையிலும் சிந்தியது. இன்னொரு கவளம் எடுத்தார். அதுவும் சிந்தியது. அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? கத்தியும் அப்பாவுக்கு, ஸ்பூனும் அப்பாவுக்கு, எனக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. எனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும், இப்போதே வேண்டும் என்று தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தேன். "உனக்கு வேணாம் பாப்பா" என்றார் மாமா. எனக்கு ஏன் வேண்டாம் என்று இன்னும் கத்தினேன். அப்பா சிரித்துக்கொண்டே ஸ்பூனை என் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் அம்மாவின் கண்ணிலிருந்தும் நீர் வழிவதைப் பார்த்தேன். எனக்கு ஒன்று கிடைக்கவில்லையே என்றுதான் அவளும் அழுகிறாள் என்று நினைத்து, அவள் என் பக்கம் இருக்கிற தைரியத்தில், இன்னும் உரக்க அழுதேன்.